கேட் ஒருவர் கை, மோட்டார் இன்னொருவர் கை

மோட்டார் கேட் வைத்திருப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். பொருத்திய அன்று கையில் கொடுத்துவிட்டுப் போனார்களே ஒரு சின்னச் சாவி, அது இப்போது எங்கே? எங்கள் தெருவில் கிடைத்த பதில்கள் மூன்று வகை. ‘எந்தச் சாவி?’ என்பது ஒன்று. ‘பூஜை அலமாரி டிராயர்ல இருக்கணும்’ என்பது இன்னொன்று. ‘டிரைவர்கிட்ட இருந்துச்சு, அவர் போன வருஷமே நின்னுட்டார்’ என்பது மூன்றாவது. காரின் ஸ்டெப்னி எங்கே இருக்கிறது, கேஸ் சிலிண்டரை எப்படி மூடுவது என்பதெல்லாம் தெரிந்த வீடுகள்தாம் இவை. வீட்டிலேயே கனமான நகரும் பொருளை, மின்சாரம் இல்லாத நேரத்தில் எப்படி நகர்த்துவது என்பது மட்டும் தெரியாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது பள்ளிக்கரணை, வேளச்சேரி, பெருங்குடிப் பக்கங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படியான நாள்களில் கேட்டின் பேட்டரி ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு நாள் தாங்கும். அதன் பிறகு அந்தச் சாவி இருந்தால் கார் வெளியே வரும். இல்லாவிட்டால் வராது.

கேட் நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு நம் ஊரில் நான்கு பேர் நான்கு பதில் சொல்கிறார்கள். மோட்டாரோடு வரும் கையேடு, ‘தகுதி பெற்ற நிபுணரை அழைக்கவும்’ என்று முடித்துக்கொள்கிறது. மோட்டார் போட்டவர் ‘போர்டு போயிருக்கும் சார்’ என்கிறார், பெரும்பாலும் போனிலேயே. கேட் செய்து கொடுத்த வெல்டிங் பட்டறைக்காரர் ‘என் கேட்ல ஒண்ணும் இல்ல, மோட்டாரைப் பாருங்க’ என்கிறார். பக்கத்து வீட்டு மாமா நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு தள்ளச் சொல்கிறார். நான்கிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எதை எப்போது நம்புவது என்பதுதான் வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டியது.

இந்தச் சிக்கலுக்கு ஒரு வரலாறு உண்டு. கேட் மோட்டார் தொழிலின் தாயகம் வட இத்தாலி. பொலோஞ்ஞா நகரில் 1965இல் தொடங்கிய ஃபாக் என்ற நிறுவனத்தின் பெயரை இத்தாலிய மொழியில் விரித்தால், ‘கேட் திறக்கும் தானியங்கிகளின் தொழிற்சாலை’ என்றே பொருள் வரும். அங்கிருந்தும் அந்த வட்டாரத்தின் மற்ற ஊர்களிலிருந்தும் மோட்டார்கள் உலகெங்கும் போயின. பிறகு சீனத் தயாரிப்புகளும் வந்தன. மோட்டாரும் கையேடும் கடல் கடந்து வருகின்றன. கேட் வருவதில்லை. அது அம்பத்தூரிலோ சிங்காநல்லூரிலோ ஒரு பட்டறையில், வீட்டுக்காரர் கொடுத்த படத்தைப் பார்த்து அடித்தது. அதில் பாதி கேட்டுகள் மோட்டார் வரும் என்று நினைத்துச் செய்தவை அல்ல. கையால் இழுக்கும் கேட்டில் ஒரு வீல் கொஞ்சம் கோணலாக இருந்தால் மனிதக் கை பழகிக்கொள்ளும். லேசாகத் தூக்கி இழுக்கும். மோட்டாருக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. கேட் செய்தவர் ஒருவர், மோட்டார் போட்டவர் வேறொருவர். இரண்டும் சேரும் இடத்துக்குப் பொறுப்பானவர் யாரும் இல்லை. பெரும்பாலான கோளாறுகள் பிறப்பது அங்கேதான்.

ஆகவே முதல் வேலை, யாரைக் கூப்பிடுவது என்று கண்டுபிடிப்பது. அதற்கு ஒரு சோதனை போதும். கேட்டின் பாதையில் குழந்தைகள், நாய், சைக்கிள் எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு மோட்டாரின் எம்சிபியை அணைக்க வேண்டும். பேட்டரி இருந்தால் அதன் இணைப்பையும் எடுத்துவிட வேண்டும். இதைப் பலரும் மறக்கிறார்கள். மெயினை அணைத்தாகிவிட்டது என்ற தைரியத்தில் கை வைக்கும்போது மாடியிலிருந்து யாராவது ரிமோட்டை அழுத்தினால் பேட்டரியில் கேட் நகரும். பிறகு அந்தச் சின்னச் சாவியைப் போட்டு, மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் லீவரைத் திருப்பினால் மோட்டாரின் பிடி விடும். ஸ்லைடிங் கேட் என்றால் மோட்டாரின் முன்பக்கத்தில் இது இருக்கும். கை போன்ற அமைப்புள்ள ஸ்விங் கேட் என்றால் ஒவ்வொரு கையிலும் ஒன்று, ரப்பர் மூடிக்குக் கீழே. வாசல் சரிவாக இருந்தால் பிடி விட்டதும் கேட் தானாக ஓடும். ஒருவர் பிடித்துக்கொண்டிருக்க, இன்னொருவர் விடுவிக்க வேண்டும்.

இப்போது கையால் தள்ளிப் பாருங்கள். நல்ல வீலும் சுத்தமான ட்ராக்கும் இருந்தால் 500 கிலோ கேட்கூட ஒரு கைத் தள்ளலில் நகரும், நடுவில் எங்கும் முட்டாமல் போகும். அப்படிப் போனால் கேட்டில் குறையில்லை. மின்சாரப் பக்கம் பார்க்கலாம், மோட்டார்க்காரரைக் கூப்பிடலாம். கனத்தால், ஓரிடத்தில் சிக்கினால், கிறீச்சிட்டால், மோட்டார்க்காரர் வந்து பயனில்லை. வெல்டரைத்தான் கூப்பிட வேண்டும். ஸ்விங் கேட்டில் கீல் தொங்கியிருக்கும், அல்லது தூண் சாய்ந்திருக்கும். ஸ்லைடிங் கேட்டில் வீல் பேரிங் தேய்ந்திருக்கும், ட்ராக்கில் கல்லோ மணலோ இருக்கும். ட்ராக்கில் கிரீஸ் தடவுவது நம் ஊர்ப் பழக்கம். தடவிய மூன்றாம் நாளே அது மணலைப் பிடித்துவைத்து வீலை அரைக்கும் பசையாகிவிடும். மோட்டாரின் பல்சக்கரம் கடிக்கும் பல் பட்டைக்கும் கிரீஸ் கூடாது.

பக்கத்து வீட்டு மாமாவின் யோசனை இங்கேதான் விபரீதமாகிறது. பிடியை விடுவிக்காமல் நான்கு பேர் சேர்ந்து தள்ளினால் கேட் நகராது. உள்ளே இருப்பது புழுச்சக்கர அமைப்பு. மோட்டார் சுற்றினால் கேட் நகரும், கேட்டைத் தள்ளினால் மோட்டார் சுற்றாது. திருடனைத் தடுப்பதும் அதே அமைப்புதான். பலத்தைக் கூட்டிக்கொண்டே போனால் உள்ளே இருக்கும் பல்சக்கரம் உடையும். மின்வெட்டோடு போயிருக்க வேண்டிய பிரச்சினை மோட்டாரின் உயிருக்கே வந்துவிடும்.

கேட் லேசாக ஓடுகிறது, ஆனாலும் மோட்டார் வேலை செய்யவில்லை என்றால் அடுத்து காதைப் பயன்படுத்த வேண்டும். ரிமோட்டை அழுத்தினால் ஒரு சத்தமும் இல்லையா? மின்சாரம் வருகிறதா, எம்சிபி விழுந்திருக்கிறதா, ரிமோட் பேட்டரி தீர்ந்துவிட்டதா என்று பாருங்கள். சுவரில் உள்ள சுவிட்சுக்கு ஓடி, ரிமோட்டுக்கு மட்டும் ஓடவில்லை என்றால் குற்றம் ரிமோட் பக்கம். போர்டில் ‘டிக்’ என்று ரிலே சத்தம் கேட்டு, மோட்டார் ‘ம்ம்ம்’ என்று முனகிக்கொண்டு சுற்றாமல் நின்றால், 230 வோல்ட் மோட்டாராக இருக்கும்பட்சத்தில் முதல் சந்தேகம் கெபாசிட்டர் மேல். நம் வீட்டு மின்விசிறி மெதுவாகச் சுற்றுவதற்கும் இதற்கும் காரணம் ஒன்றே. சில நூறு ரூபாய்ச் சாமான். ஆனால் மின்சாரத்தை அணைத்த பிறகும் அது மின்னூட்டத்தை வைத்திருக்கும், ஆகவே எலக்ட்ரீஷியன் மாற்றட்டும். முனகும் மோட்டாருக்கு மறுபடி மறுபடி ரிமோட் அழுத்துவது சுருளை எரிப்பதற்குச் சமம்.

கோடை இரவுகளில் மட்டும் கேட் திணறுகிறது, காலையில் சரியாகிவிடுகிறது என்று சொல்லும் வீடுகள் உண்டு. தெருவில் எல்லா வீட்டிலும் ஏசி ஓடும் நேரத்தில் வோல்டேஜ் 180க்கு இறங்குகிறது. இந்த வகை மோட்டாரின் முறுக்குவிசை வோல்டேஜின் வர்க்கத்தோடு குறையும். 230க்கு 180 என்றால் ஐந்தில் மூன்று பங்கு பலம்தான் மிச்சம். கேட் கொஞ்சம் கனமாக இருந்தால் அந்த மூன்று பங்கு போதாது. இதற்கும் போர்டு மாற்றிய வீடுகள் எனக்குத் தெரியும். அபார்ட்மெண்ட் கேட்டுக்கு இன்னொரு தொல்லை. ஒரு குடும்பம் நாளைக்குப் பத்து முறை திறக்கவென்று செய்த மோட்டாரை நாற்பது வீட்டுக்குப் போட்டுவிடுவார்கள். ஆபீஸ் நேரத்தில் சூடேறி உள்ளே இருக்கும் வெப்பக் காப்பு அதை நிறுத்திவிடும். அரை மணி நேரம் கழித்து ஒன்றும் நடக்காததுபோல ஓடும். அதை ரிப்பேர் செய்ய ஒன்றும் இல்லை, பெரிய மோட்டார்தான் வழி.

மூன்றாவது வகை, திறக்கிறது, மூட மாட்டேன் என்கிறது. அல்லது மூட ஆரம்பித்துப் பாதியில் திரும்பிவிடுகிறது. தூண்களில் எதிரெதிரே இரண்டு சிறு கறுப்புக் கண்ணாடிகள் இருக்கும், சென்சார். ஒன்று ஒளி அனுப்புகிறது, மற்றது வாங்குகிறது. நடுவில் எது வந்தாலும் கேட் மூடாது. கேட்டுக்கு அங்கே குழந்தை நிற்பதும் ஒன்றுதான், சிலந்தி வலை கட்டியிருப்பதும் ஒன்றுதான். எங்கள் வீட்டு அனுபவம் இது. கேட் மூட மறுத்தது. வந்த ஆள் அரை மணி நேரம் பார்த்துவிட்டு போர்டு மாற்ற வேண்டும் என்றார், மாற்றினார், ஓடியது. இரண்டு வாரத்தில் அதே குறை. இந்த முறை நானே கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்தேன். ஓடியது. போர்டு மாற்றிய அன்றும் அவர் துடைத்திருப்பார் போலும். பழைய போர்டைத் திருப்பிக் கேட்க அப்போது எனக்குத் தோன்றவில்லை. கழற்றிய பொருளை எங்களிடமே கொடுத்துவிடுங்கள் என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுவது நல்லது. அந்த ஒரு வாக்கியம் பல போர்டுகளின் ஆயுளை நீட்டிக்கும்.

சென்சார் விஷயத்தில் நம் ஊருக்கென்று சில விசேஷங்கள் உண்டு. கிழக்கு மேற்காக வைத்த சென்சாரின் கண்ணில் காலை வெயிலோ மாலை வெயிலோ நேராக விழுந்தால் அந்த அரை மணி நேரம் மட்டும் கேட் அடம்பிடிக்கும். வாங்கும் கண்ணை எதிர்த் தூணுக்கு மாற்றினால் சரியாகும். செம்பருத்தி கிளை விட்டிருக்கும். வாசல் தெளிக்கும் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கும். இவற்றையெல்லாம்விடப் பெரிய எதிரி எறும்பும் பல்லியும். மோட்டார் பெட்டிக்குள் இளஞ்சூடு, இருட்டு, மழை படாத இடம். வயர் வரும் துளை வழியாக எறும்பு உள்ளே போய் மண்ணும் முட்டையுமாகக் குடித்தனம் நடத்துகிறது. ரிலேயின் இரண்டு தகடுகளுக்கு நடுவே நசுங்கிய நாலு எறும்பு போதும், போர்டு செத்ததுபோல இருக்கும். பல்லி இரண்டு முனைகளைத் தொட்டு நின்றால் தானும் செத்து போர்டையும் கொண்டுபோகும். எந்தக் கையேட்டிலும் பல்லிக்கு ஒரு பக்கம் ஒதுக்கி நான் பார்த்ததில்லை. வயர்த் துளைகளை சிலிக்கான் வைத்து அடைப்பதுதான் நிலையான வழி. பாச்சை உருண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள்; அது கரையும்வரைதான் காவல்.

இனி வருவது இந்தக் கட்டுரையிலேயே எனக்கு முக்கியமாகப் படுவது. ஓடாத கேட்டால் வேலைதான் கெடும். நிற்கத் தெரியாத கேட் உயிரை எடுக்கும். கேட் கனத்துப்போய் பாதியில் நின்று நின்று திரும்புகிறது என்று புகார் சொன்னால், வருகிற ஆள் செய்யும் சுலபமான காரியம் போர்டில் இருக்கும் திருகை இன்னும் கொஞ்சம் திருப்பி மோட்டாரின் பலத்தைக் கூட்டுவது. ஐந்து நிமிட வேலை, கேட் ஓடும், எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அந்தத் திருகுதான், எதிலாவது மோதினால் எவ்வளவு அழுத்திய பிறகு கேட் நிற்க வேண்டும் என்று முடிவு செய்கிறது. தேய்ந்த வீலுக்காகக் கூட்டிய பலம் குழந்தையின் மார்புக்கும் கூடித்தான் இருக்கும். சில இடங்களில் இன்னும் மோசம். சென்சார் தொல்லை தருகிறதென்று அதன் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் சேர்த்து, அதை இல்லாமலே ஆக்கிவிடுவார்கள். கண்ணாடிகள் தூணில் அழகாக இருக்கும், பார்வை மட்டும் போயிருக்கும்.

மற்ற நாடுகள் இதை உயிர் கொடுத்துக் கற்றுக்கொண்டன. அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 1990 முதல் 2000 வரையிலான காலத்தில் தானியங்கி கேட்டுகளால் சுமார் 25,000 பேர் காயப்பட்டதாகக் கணக்கிட்டது. அதில் ஏறத்தாழ 9,000 பேர் 15 வயதுக்குட்பட்டவர்கள். பிரிட்டனில் 2010 கோடையில் ஒரே வார இடைவெளியில், மான்செஸ்டரில் ஒன்றும் வேல்ஸின் பிரிட்ஜெண்டில் ஒன்றுமாக இரண்டு சிறுமிகள் மின்கேட்டில் நசுங்கி இறந்தார்கள். பிரிட்ஜெண்ட் வழக்கில் கேட்டை நிறுவியவர்கள், பராமரித்தவர்கள் என இரண்டு நிறுவனங்களுக்குமே 2014இல் அபராதம் விழுந்தது. ஒருவரை ஒருவர் கைகாட்டும் ஆட்டம் அங்கே நீதிமன்றத்தில் எடுபடவில்லை. ஐரோப்பியத் தர விதி, மூடும் கேட் ஓர் இடுக்கில் ஒருவரை அழுத்தினால் அந்த விசை 400 நியூட்டனைத் தாண்டக் கூடாது, முக்கால் விநாடிக்குள் 150க்குக் கீழே இறங்கிவிட வேண்டும் என்கிறது. 400 நியூட்டன் என்பது ஏறக்குறைய 40 கிலோ எடை. அவ்வளவு தாங்கலாம், அதற்கு மேல் கூடாது என்று ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். நம் வீட்டுக் கேட்டின் கோடு எங்கே இருக்கிறது என்று பார்க்க, மூடும் கேட்டின் வழியில் காலி அட்டைப்பெட்டி ஒன்றை நிறுத்தினால் போதும். சென்சாருக்கு முன்னால் ஒரு முறை, அதன் கண்ணில் படாத உயரத்தில் ஒரு முறை. முதல் தடவை தொடாமலே நிற்க வேண்டும். இரண்டாம் தடவை பெட்டி அப்பளமாகாமல் திரும்ப வேண்டும். அப்பளமானால் மோட்டாரை அணைத்துவிட்டு, சரிசெய்யும்வரை கையால் தள்ளுங்கள்.

கேட் நசுக்கும் என்பது ஒரு ஆபத்து, விழும் என்பது இன்னொன்று. 2024 ஜூலை கடைசியில் புனே அருகே பிம்ப்ரி-சிஞ்ச்வாடில் குழந்தைகள் விளையாடிக்கொண்டே ஒரு ஸ்லைடிங் கேட்டைத் தள்ள, அது சாய்ந்து மூன்றரை வயதுக் குழந்தையின் மேல் விழுந்தது. குழந்தை பிழைக்கவில்லை. ஸ்லைடிங் கேட்டை நிமிர்த்தி வைத்திருப்பவை மேலே உள்ள கைடு ரோலர்கள். அது ட்ராக்கைவிட்டு ஓடிப்போகாமல் பிடிப்பவை இரு முனைகளிலும் உள்ள இரும்புத் தடுப்புகள். மோட்டார் இருக்கும்போது கேட் எங்கே நிற்பது என்பதை லிமிட் சுவிட்ச் பார்த்துக்கொள்கிறது, ஆகவே தடுப்பு எதற்கு என்று வைக்காமலே விட்ட வீடுகளைப் பார்த்திருக்கிறேன். லிமிட் காந்தம் கழன்று விழுந்த அன்றோ, பிடியை விடுவித்துக் கையால் தள்ளும் அன்றோ, கேட் நேராகப் போய்ச் சரியும். பிடியை விடுவிக்கும் முன் இரண்டு தடுப்புகளும் இருக்கின்றனவா என்று பார்ப்பது, சாவியைத் தேடுவதற்கும் முந்திய வேலை. ட்ராக்கிலிருந்து இறங்கிய கேட்டைத் தூக்கி வைக்க வீட்டார் முயலவே கூடாது.

ஸ்விங் கேட்டுக்குக் காற்று எதிரி. வெளியே தெரியக் கூடாதென்று முழுக்கத் தகடு அடித்த கேட் பாய்மரம் மாதிரி. 4 மீட்டர் அகலம், 1.8 மீட்டர் உயரம் உள்ள வாசலில் மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று நேராக அடித்தால் கேட்டின் மேல் விழும் மொத்த விசை சுமார் 120 கிலோ எடைக்குச் சமம். காற்று இரட்டிப்பானால் விசை நான்கு மடங்கு. 2016 டிசம்பர் 12 அன்று வார்தா புயல் சென்னையைக் கடந்தபோது வீசியது அந்த வகைக் காற்று. அதை மோட்டாரின் கைகள் தாங்காது, தாழ்ப்பாள்தான் தாங்க வேண்டும். புயலுக்கு முன் தாழிட்டுவிட்டு, மோட்டாரை அணைத்துவிட வேண்டும். தாழ்ப்பாள் போட்டிருப்பதை மறந்து ரிமோட்டை அழுத்தி வளைந்த கைகள் பட்டறைகளில் நிறையக் கிடக்கின்றன. இடி மழை தொடங்கும்போதும் எம்சிபியை அணைப்பது பழைய டிவிக்காலத்துப் பழக்கம்தான், கேட்டுக்கும் பொருந்தும். இன்னொன்று, ஈரத்தில் நிற்கும் இரும்பு கேட்டில் மின்சாரம் இருக்கிறது. அதற்கு எர்த் இருக்கிறதா, அந்த லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் ஒரு முறை கேட்டுவிடுங்கள். தண்ணீர் நின்று வடிந்த மோட்டாரை, ஆள் திறந்து காய வைத்துப் பார்க்கும்வரை ஆன் செய்யாதீர்கள். தொட்டால் சுர்ரென்கிற கேட்டை இன்னொரு முறை தொட்டுப் பார்ப்பது கூடாது. மெயினை அணைத்த பிறகுதான் மற்றதெல்லாம்.

பேட்டரி பற்றிச் சுருக்கமாக. 24 வோல்ட் மோட்டார்களில் பெரும்பாலும் 12 வோல்ட் பேட்டரி இரண்டு இருக்கும். அதன் ஆயுளைக் குளிர்ந்த அறைக் கணக்கில் எழுதுகிறார்கள். ஏறத்தாழ ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அது பாதியாகும். சென்னை வெயிலில் இரும்புப் பெட்டிக்குள் இருப்பதற்கு இரண்டு வருஷம் கிடைத்தால் லாபம். மாதம் ஒரு முறை மெயினை அணைத்துவிட்டு ரிமோட்டை அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். ரிமோட் தொலைந்தால் புதிது வாங்குவதோடு நிறுத்தாமல், போர்டின் நினைவிலிருந்து பழையதை அழிக்கச் சொல்ல வேண்டும். தொலைந்த ரிமோட் எங்கேயோ கிடக்கிறது, அதற்கு இன்னும் உங்கள் வீடு தெரியும்.

பராமரிப்பு ஒப்பந்தம் போடலாமா என்று கேட்கிறார்கள். போடலாம், அதில் வீலும் கீலும் ரோலரும் உண்டா என்று கேட்டுவிட்டு. பெரும்பாலும் ‘மோட்டார், போர்டு, ரிமோட்’ என்றுதான் எழுதியிருக்கும். அப்படியானால் அது பாதி கேட்டுக்கான ஒப்பந்தம். வருஷத்துக்கு ஒரு நாள் வெல்டரையும் மோட்டார்க்காரரையும் ஒரே நேரத்தில் வரவழைத்து, பிடியை விடுவித்து, இருவர் முன்னாலும் கேட்டைத் தள்ளிக் காட்டுவது அதைவிட உருப்படியானது என்பது என் அபிப்பிராயம். இருவரையும் ஒரே நாளில் பிடிப்பதுதான் கஷ்டம்.

சாவி இப்போது எங்கள் வீட்டில் மெயின் போர்டுக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது; வேலைக்கு வரும் அம்மாவுக்கும் லீவரைத் திருப்பத் தெரியும். ஊருக்குப் போகும்போது பெட்டியை எடை பார்க்கும் தொங்கு தராசு ஒன்று இருந்தது. வருஷம் ஒரு முறை பிடியை விடுவித்து, தராசின் கொக்கியைக் கேட்டில் மாட்டி மெதுவாக இழுத்து, எத்தனை கிலோவில் நகர்கிறது என்று தூணின் உள்பக்கம் மார்க்கரால் எழுதிவைக்கிறேன். முதல் வருஷம் 6. அடுத்தது 7. போன ஐப்பசியில் 13 என்று வந்தது. கேட் அப்போதும் ரிமோட்டுக்கு ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. வெல்டர் வந்து பின்பக்க வீலைக் கழற்றினார். பேரிங்கில் குண்டுகளே இல்லை.